விலையைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியுமா?

நெல் இன்னும் வயலில் நிற்கிறது. கதிர் முற்றவில்லை. அரிவாள் எடுக்க இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

ஆனால், கடையில் அரிசி விலை ஏறிவிட்டது!

"இந்த வருஷம் விளைச்சல் சரியில்லை போலிருக்கிறது" என்கிறார் கடைக்காரர். "மழை தவறிவிட்டதாம்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அதைக் கேட்ட அம்மாள் வீட்டுக்கு வந்து, "விலை இன்னும் ஏறுமாம். இரண்டு மூட்டை வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்று கணவரிடம் சொல்கிறார்.

அறுக்காத நெல்லைப் பற்றிக் கடை விலை தீர்ப்புச் சொல்லிவிட்டது!

இந்தத் தீர்ப்பு சரிதானா? பருவத்தின் தொடக்கத்தில் உள்ள விலையைப் பார்த்து, நாடு முழுவதும் எவ்வளவு விளையும் என்று சொல்லிவிட முடியுமா?

வியாபாரிகளும், சர்க்காரும், கணக்கு நிபுணர்களும் 300 வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். பதில் சரியாக இருந்தபோது பல உயிர்கள் பிழைத்தன. பதில் தவறியபோது லட்சக்கணக்கான பேர் மாண்டார்கள்.

காவிரியின் கணக்கு

முதலில் தஞ்சாவூர்ச் சீமையின் கணக்கைப் பார்ப்போம்.

பழைய தஞ்சாவூர் ஜில்லா இப்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்காகப் பிரிந்து இருக்கிறது. ஜில்லா பிரிந்தாலும் ஆறு பிரியவில்லை. நான்குக்கும் காவிரிதான் தாய்.

மேட்டூர் அணை 1934-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. பாசனத்துக்கு ஜுன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அன்று முதல் டெல்டாவில் பருவம் தொடங்குகிறது.

ஆனி மாதம் நாற்று விட்டு, புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பது குறுவை. அது சுமார் 110 நாள் பயிர்.

ஆவணியில் விதைத்து, தை, மாசியில் அறுப்பது சம்பா. அது ஐந்து மாதப் பயிர். குறுவை அறுத்த வயலிலேயே மறுபடியும் நட்டு எடுப்பது தாளடி.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சம்பா வயலில் பச்சையாக நிற்கும்போதே குறுவை நெல் களத்துக்கு வந்துவிடுகிறது. அந்த முதல் நெல்லின் விலைதான் பருவத்தின் முதல் செய்தி.

வழக்கமான வருஷத்தில், பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத நாட்களில் விலை உயர்ந்து நிற்கும். தை பிறந்து சம்பா களத்துக்கு வந்ததும் விலை இறங்கும்.

இறங்கவேண்டிய விலை இறங்காவிட்டால்? அப்போதுதான் மண்டிக்காரர் காதைத் தீட்டிக்கொள்கிறார். "எங்கோ குறை இருக்கிறது" என்று அர்த்தம்.

விலைக்கு எப்படித் தெரியும்?

வயலைப் பார்க்காத விலைக்கு, விளைச்சல் எப்படித் தெரியும்?

கடைமடையில் தண்ணீர் வராத விவசாயிக்கு, தன் பயிர் தேறாது என்று தெரியும். அவர் வீட்டில் பழைய நெல் பத்து மூட்டை இருந்தால் விற்கமாட்டார். "இருக்கட்டும்" என்று பத்திரப்படுத்துவார்.

ஊர் ஊராகச் சுற்றும் தரகருக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று தெரியும். அரிசி ஆலைக்காரருக்கு மற்ற ஊர் ஆலைகளிலிருந்து சேதி வரும். ஆந்திராவில் மழை எப்படி என்று லாரிக்காரர் சொல்வார்.

ஒருவருக்கும் முழு விஷயம் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். ஒருவர் விற்காமல் நிறுத்துகிறார். இன்னொருவர் கூடுதலாக வாங்குகிறார். அத்தனை பேர் அறிந்ததும் சேர்ந்து ஓர் எண்ணாக வெளியே வருகிறது. அதுதான் விலை!

அமெரிக்காவில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுப் பழம் விளைகிறது. உறைபனி விழுந்தால் பழம் கெட்டுவிடும். அங்கே ஆரஞ்சுச் சாற்றுக்கு முன்பேர வியாபாரம் நடக்கிறது. அதாவது, பிறகு வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வியாபாரம். ரிச்சர்டு ரோல் என்ற நிபுணர் 1984-ம் ஆண்டு அந்த விலையை ஆராய்ந்தார். வானிலை இலாகாவின் முன்னறிவிப்பு எந்தப் பக்கம் தவறப்போகிறது என்பதை அந்த விலை ஓரளவு முன்கூட்டியே காட்டியதைக் கண்டார்!

கொடி அசைத்த ஜப்பான்

அரிசிக்கு இப்படி முன்பேரச் சந்தை முதலில் வளர்ந்தது ஜப்பானில்.

ஒசாகா நகரத்தில் தோஜிமா என்ற இடம். அங்கே நடந்த அரிசிச் சந்தையை 1730-ம் ஆண்டு ஜப்பானிய ஆட்சியாளர் அங்கீகரித்தார். வியாபாரிகள் அங்கே அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அரிசிச் சீட்டைத்தான் வாங்கி விற்றார்கள்.

ஒசாகா விலை மற்ற ஊர்களுக்கு எப்படிப் போயிற்று தெரியுமா? மலை உச்சிகளில் ஆட்களை நிறுத்தினார்கள். ஒருவர் கொடியை அசைப்பார். தூரத்து மலையில் இருப்பவர் அதைப் பார்த்து, அதேபோல் தன் கொடியை அசைப்பார். தந்தி இல்லாத காலத்திலேயே அரிசி விலை மலைக்கு மலை தாவிப் போயிற்று!

பத்து குறைந்தால் முப்பது!

விலை ஏறினால் விளைச்சல் குறைவு. சரி. எவ்வளவு ஏறினால் எவ்வளவு குறைவு?

இதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. கிரகரி கிங் என்பவரின் கணக்கு என்று சொல்வார்கள். சார்லஸ் டாவனன்ட் என்பவர் 1699-ம் ஆண்டு அதை வெளியிட்டார். அந்தக் கணக்கு இதுதான்:

விளைச்சல் 100-க்கு 10 குறைந்தால், விலை 100-க்கு 30 ஏறும்.

20 குறைந்தால், 80 ஏறும்.

30 குறைந்தால், 160 ஏறும்.

40 குறைந்தால், 280 ஏறும்.

பாதி விளைச்சல் போய்விட்டால், 450 ஏறும்!

அது அந்தக் காலத்து இங்கிலாந்துத் தானியக் கணக்கு. நம் நெல்லுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதில் ஒரு நிரந்தர உண்மை இருக்கிறது.

புடவை விலை ஏறினால், "அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடலாம். சோற்றை அப்படித் தள்ளிப்போட முடியுமா? கொஞ்சம் குறைந்தாலும் எல்லோரும் முந்திக்கொண்டு வாங்குவார்கள். அதனால்தான், குறை ஒரு பங்கு என்றால் விலை மூன்று பங்கு கூச்சல் போடுகிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். விலை 100-க்கு 30 ஏறியதும், "விளைச்சலில் 30 போய்விட்டது" என்று அலறக்கூடாது. அதைவிட மிகக் குறைவாகவே போயிருக்கும்.

ரயில் கொண்டுபோன நெல்

ஏறின விலைக்கு எப்போதும் விளைச்சல்தான் காரணமா? அதுதான் இல்லை! இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது.

1876-ம் ஆண்டு முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. மேட்டு நிலத்து ஜில்லாக்களில் மழை இல்லை. பயிர் இல்லை. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள்.

தஞ்சாவூரைக் காவிரி காப்பாற்றியது. ஆனாலும், அங்கேயும் நெல் விலை ஏறியது!

காரணம் என்ன? நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. விலை எங்கே அதிகமோ, அங்கே நெல் ரயில் ஏறிப் போயிற்று. வெளியூர்ப் பஞ்சம் தஞ்சாவூர் மண்டி விலையில் தெரிந்தது. அந்த விலையை மட்டும் பார்த்து, "தஞ்சாவூரில் விளையவில்லை" என்று சொல்லியிருந்தால் அது தவறு.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-ம் ஆண்டு பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதை வைத்துப் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. தானிய விலை திடீரென்று ஏறுவது, ஜனங்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போவது போன்ற அடையாளங்களைக் கவனிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு போயிற்று. விலையை ஓர் அபாயச் சங்காக சர்க்கார் ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

பர்மா அரிசி

1930-களில் இதற்கு நேர்மாறு நடந்தது. நெல் விலை பாதாளத்துக்குப் போயிற்று. தஞ்சாவூர் மிராசுதார்களும் குத்தகைதாரர்களும் கடனில் தவித்தார்கள்.

அமோக விளைச்சலா? இல்லை. உலகம் முழுவதும் வியாபார மந்தம். போதாக்குறைக்கு, பர்மா அரிசி கப்பல் கப்பலாகச் சென்னை மாகாணத்தில் வந்து இறங்கியது. இங்கே விலையை நிர்ணயித்தது கும்பகோணத்து வயல் அல்ல. ரங்கூன் துறைமுகம்!

வங்காளத்தின் கண்ணீர்

1942-ம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது.

கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி 13, 14 ரூபாய். (ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ.) 1943 மார்ச் மாதம் அது 21 ரூபாய் ஆயிற்று. மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டு மாதம் 37 ரூபாய்!

விலை தொண்டை கிழியக் கத்தியது. ஆனால், விளைச்சல் அந்த அளவுக்கு மோசமா?

பின்னாளில் பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தார். 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிட 100-க்கு 5 அளவுதான் குறைவு என்றார். 1941-ல் இருந்ததைவிட அது அதிகம் என்றும் காட்டினார்.

பிறகு ஏன் அந்தக் கொடுமை? யுத்தச் செலவில் பணம் பெருகியது. கல்கத்தாவில் சம்பளக்காரர்கள் என்ன விலைக்கும் வாங்கினார்கள். வியாபாரிகள் பதுக்கினார்கள். பயம் பரவியது. கிராமத்துக் கூலிக்காரருக்கும், மீனவருக்கும் வருமானம் ஏறவில்லை. அரிசி இருந்தும் அவர்களால் வாங்க முடியவில்லை.

15 லட்சம் பேர் மாண்டதாக விசாரணைக் கமிஷன் சொன்னது. சுமார் 30 லட்சம் என்பது சென் போட்ட கணக்கு.

இது எல்லோரும் மனதில் வைக்கவேண்டிய பாடம். விலை ஏறியபோது, "விளைச்சல் கணக்கில் அவ்வளவு குறை இல்லையே" என்று சர்க்கார் சும்மா இருக்கக்கூடாது. விளைச்சலைச் சொல்லாவிட்டாலும், ஏழையின் தட்டு காலியாவதை விலை சொல்லிவிடுகிறது.

பழைய வருஷத்தின் குரல்

சுதந்திரத்துக்குப் பிறகும் விலை நம்மை ஏமாற்றியது உண்டு.

1964-ம் ஆண்டு நாடு முழுவதும் உணவுத் தானிய விலை எகிறியது. கடைகளில் நெருக்கடி. "இந்த வருஷம் பஞ்சம்தான்" என்று பேசிக்கொண்டார்கள்.

நடந்தது என்ன? 1964-65-ல் தானிய விளைச்சல் 894 லட்சம் டன்! அதுவரை இல்லாத உச்சம்.

ஏறிய விலை வரப்போகும் அறுவடையைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு முன் மூன்று வருஷமாக விளைச்சல் கூடாமல் கிடந்ததைப் பற்றிப் பேசியது. கையிருப்பு கரைந்துபோனதைப் பற்றிப் பேசியது.

அடுத்த வருஷம்தான் உண்மையான இடி விழுந்தது. மழை பொய்த்தது. 1965-66-ல் விளைச்சல் 723 லட்சம் டன்னாகச் சரிந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது.

தஞ்சாவூரில் முதல் ஆபீஸ்

இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் இந்திய உணவுக் கழகம். 1965-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அது தொடங்கியது. தலைமை அலுவலகம் அப்போது சென்னையில்தான். அதன் முதல் ஜில்லா ஆபீஸ் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? தஞ்சாவூரில்!

விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலை கொடுத்து சர்க்காரே நெல் வாங்குவது என்று ஏற்பாடு. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. டெல்டா ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன.

2025-26 பருவத்துக்கு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் வைத்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக சர்க்காரின் ஊக்கத்தொகை 131 ரூபாய். ஆக மொத்தம் 2,500 ரூபாய்.

இது விவசாயிக்கு நல்ல பாதுகாப்பு. களத்திலேயே விற்றாகவேண்டிய சிறு விவசாயிக்கு இதுவே ஊன்றுகோல். ஆனால், இதனால் ஒன்று மாறிவிட்டது. விளைந்தாலும் அதே விலை. விளையாவிட்டாலும் அதே விலை. முன்பு செய்தி சொன்ன விலை இப்போது வாய் திறப்பதில்லை!

முன்பேரச் சந்தையும் வாய் மூடியது. 2021 டிசம்பரில் நெல் உள்பட ஏழு பொருள்களின் முன்பேர வியாபாரத்தை இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் நிறுத்திவைத்தது. விலைவாசி ஏற்றத்தைத் தடுக்க அந்த நடவடிக்கை.

2023-ல் நடந்தது

2023-ம் ஆண்டு. 'எல் நினோ' வருகிறது, மழை குறையும் என்று வானிலை நிபுணர்கள் எச்சரித்தார்கள். அரிசி விலை ஏறிக்கொண்டே போனது.

ஜுலை 20-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு போடு போட்டது. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை!

செய்தி கேட்டதும் அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் இந்தியக் கடைகளுக்கு ஓடினார்கள். பொன்னி, சோனா மசூரி மூட்டைகளைத் தூக்கினார்கள். உலகச் சந்தையிலும் அரிசி விலை உயர்ந்தது.

பயந்தது போலவே ஆகஸ்டு மாதம் மழை பெய்யவில்லை. 1901-ம் ஆண்டிலிருந்து உள்ள கணக்கில் அவ்வளவு வறண்ட ஆகஸ்டு கிடையாது.

தஞ்சாவூர்ச் சீமையிலும் வேதனைதான். மேட்டூர் ஜுன் 12-ந் தேதி திறந்தது. ஆனால், கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. அக்டோபர் 10-ந் தேதி அணையை மூடவேண்டி வந்தது.

விலை சொன்னது பலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால், நாடு முழுவதும் கணக்குப் பார்த்தபோது 2023-24-ல் விளைந்த அரிசி 1,378 லட்சம் டன். முந்தைய வருஷம் 1,357 லட்சம் டன். குறையவில்லை. கூடியிருந்தது!

டெல்டாவில் கருகியது உண்மை. நாட்டில் கூடியதும் உண்மை. இது எப்படி? இந்தியாவில் விளையும் அரிசியில் தமிழ்நாட்டின் பங்கு 100-க்கு ஐந்து, ஆறுதான். பஞ்சாபில் ஆழ்குழாய்க் கிணறு பாய்கிறது. தெலுங்கானாவில் சாகுபடி பெருகியிருக்கிறது. ஒரு வாய்க்கால் வறண்டதை வைத்து ஒரு தேசத்தை அளக்க முடியாது.

ஏற்றுமதித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அதற்கிடையில் விலை உயர்வால் வருந்தியவர்கள், இந்திய அரிசியை நம்பியிருந்த ஏழை நாட்டு ஜனங்கள்.

இருபத்தைந்து சதுர மீட்டர்

விலையை நம்ப முடியாது என்றால், சர்க்கார் எப்படித்தான் விளைச்சலைக் கணிக்கிறது?

அந்தக் காலத்தில் கர்ணம் வயலைப் பார்த்து, "எட்டணா விளைச்சல்", "பன்னிரண்டணா விளைச்சல்" என்று எழுதுவார். பதினாறணா என்றால் முழு விளைச்சல். கண் மதிப்புத்தான். வரி தள்ளுபடி வேண்டும் என்றால் ஓரணா குறையும்!

இன்று இரண்டு கணக்கு உண்டு.

முதலாவது, எவ்வளவு நிலத்தில் பயிர்? இதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் கணக்கில் எழுதுகிறார்.

இரண்டாவது, ஒரு ஏக்கரில் எவ்வளவு? இதற்குப் 'பயிர் அறுவடைப் பரிசோதனை' என்று பெயர். எந்த வயல் என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். நல்ல வயலாகப் பார்த்துப் பொறுக்க முடியாது. அந்த வயலில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கயிறு கட்டி அளக்கிறார்கள். அதற்குள் உள்ள கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள்.

அதில் காய்ந்த நெல் 12 கிலோ கிடைத்தது என்று வையுங்கள். ஒரு ஏக்கர் என்பது அதைப்போல் சுமார் 162 மடங்கு. ஆகவே, ஏக்கருக்கு 1,944 கிலோ. அறுபது கிலோ மூட்டையாகக் கட்டினால் 32 மூட்டை. இப்படி ஆயிரக்கணக்கான வயல்களில் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள்.

பி.சி. மஹலநோபிஸ், பி.வி. சுகாத்மே போன்ற கணக்கு மேதைகள் இந்த மாதிரி அளவை முறைகளை நம் நாட்டில் வளர்த்தார்கள். மஹலநோபிஸ் பெயரில் 2012-ம் ஆண்டு டில்லியில் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எங்கே பயிர் பச்சையாக இருக்கிறது, எங்கே வாடுகிறது என்று அங்கே கணிக்கிறார்கள்.

இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. கயிறு கட்டி அறுக்கும்போது நெல் முற்றியிருக்கும். முன்கூட்டிச் சொல்ல அது உதவாது. சீக்கிரம் வருவது விலை. சரியாக வருவது அறுவடைக் கணக்கு. இரண்டும் வேண்டும்.

வரிசை சொல்லும் சேதி

சர்க்கார் விலை ஊமையாகிவிட்டது என்றோம். ஆனால், விளைச்சல் வேறு வழியாகப் பேசுகிறது. டெல்டாக்காரர்களுக்கு அது தெரியும்.

கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல் குவியல் எவ்வளவு நீளம்? விவசாயி எத்தனை நாள் காத்துக் கிடக்கிறார்? அமோக விளைச்சல் என்றால் விலை இறங்குவதில்லை. வரிசை நீளுகிறது!

2025 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. குறுவை நன்றாக விளைந்தது. நெல் மலைமலையாகக் குவிந்தது. வாங்கி எடுத்துப்போகத் தாமதம் ஆயிற்று. அதற்குள் மழை வந்தது. சாலையோரத்தில் கொட்டிய நெல் நனைந்து முளைத்தது. ஈரம் 100-க்கு 17-க்கு மேல் போனால் வாங்கக்கூடாது என்பது விதி. அதைத் தளர்த்தும்படி விவசாயிகள் கேட்டார்கள்.

விளையாவிட்டாலும் கண்ணீர். விளைந்தாலும் கண்ணீர்!

இன்னோர் அடையாளம் தனியார் வியாபாரி. அவர் கொள்முதல் நிலைய விலைக்கு மேல் கொடுத்துக் களத்துக்கே வந்து வாங்கினால், நெல் குறைவு என்று அர்த்தம். "நூறு, இருநூறு குறைத்துக் கொடு, இப்போதே பணம் தருகிறேன்" என்றால் நெல் மிகுதி என்று அர்த்தம். சர்க்கார் விலைக்கும் வியாபாரி விலைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் இன்று உண்மை பேசும் விலை.

வானம் மாறினால்?

எந்த விலைக்கும் தெரியாத ஒன்று உண்டு. நாளைய மழை!

2021 ஜனவரியில் டெல்டாவில் சம்பா முற்றி, தலை சாய்ந்து நின்றது. பொங்கல் சமயத்தில் பருவம் தவறிய மழை கொட்டியது. அறுக்கவேண்டிய கதிர் தண்ணீரில் படுத்துவிட்டது. 2023 பிப்ரவரியிலும் அதேபோல் மழை வந்து கெடுத்தது. மார்கழியில் கணித்தவர்கள் கணக்கெல்லாம் தை மாதத்தில் அடித்துக்கொண்டு போயிற்று.

எதைப் பார்க்கவேண்டும்?

விலை ஒரு சாட்சி. அது நீதிபதி அல்ல. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா?

விலை ஏறினால், இந்தக் கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்:

மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர்? அது தினமும் பத்திரிகையில் வருகிறது.

எத்தனை ஏக்கர் நடவு ஆகியிருக்கிறது? கடைமடை வரை தண்ணீர் போயிற்றா?

நம் ஊரில் மட்டும் விலை ஏறியதா, நாடு முழுவதும் ஏறியதா?

சர்க்கார் கிடங்கில் கையிருப்பு எவ்வளவு?

இந்த விலை நெல்லைப் பற்றிப் பேசுகிறதா, பயத்தைப் பற்றிப் பேசுகிறதா?

இது விவசாயிக்குப் பிழைப்புச் சமாசாரம். "விலை இன்னும் ஏறும்" என்று கடன் வாங்கி நெல்லை இருப்பு வைத்தவர், நாடு முழுவதும் நன்றாக விளைந்து விலை விழுந்தால் வட்டிக்கு அழவேண்டும். "விலை விழும்" என்ற வதந்தியைக் கேட்டு, களத்திலேயே அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர், ஆடி மாதம் அதே நெல்லை அரிசியாகக் கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்.

குடும்பத் தலைவிகளுக்கும் இது பொருந்தும். மாதத்துக்கு ஒரு மூட்டை போதும் என்ற வீட்டில், பயத்தால் மூன்று மூட்டை அடுக்கினால் என்ன ஆகும்? ஊரில் எல்லோரும் அப்படிச் செய்தால், விளைச்சல் குறையாமலே கடை காலியாகும். விலை ஏறும். மூட்டை வாங்கக் கையில் பணமுள்ளவர் சமாளித்துக்கொள்வார். தினக்கூலி வாங்கி, சாயங்காலம் இரண்டு கிலோ அரிசி வாங்கும் வீட்டில்தான் உலை ஏறாது.

ஆகவே, விலைப் பலகையைப் பாருங்கள். அதோடு வாய்க்காலையும் பாருங்கள். இரண்டும் ஒரே சேதியைச் சொன்னால் நம்புங்கள். வேறு வேறாகச் சொன்னால், கொஞ்சம் பொறுத்து வாய்க்காலை நம்புங்கள்.